குழந்தைவேல் சார் போட்ட விடை

திருச்செங்கோட்டு ஜவுளிக்கடையில் ஒரு பெண் சேலையை விரித்துப் பார்க்கிறாள் என்றால், விலை கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள்: “பாஸ்ட் கலருங்களா?” கடைக்காரரும் முந்தானையைக் கசக்கிக் காட்டி, “பாஸ்ட் கலருதானுங்க, எத்தன தண்ணி பாத்தாலும் போவாதுங்க” என்பார். சாயம் போகாத நிறம் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர்களுக்கும் தெரிந்த சங்கதி இது. இங்கிலீஷில் எம்.ஏ., பி.எட். முடித்து, பதினாறு வருஷம் அந்தப் பாடத்தையே நடத்திய குழந்தைவேல் சாருக்குத் தெரியாமல் இருக்குமா? நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த மனுஷர் அரசாங்கப் பரீட்சையில் தப்பான வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தார்.

அவருக்கு ஊர் மல்லசமுத்திரம் பக்கம். மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு, நிலக்கடலை, நாலு எருமை. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ்வழிதான். காலேஜில் இங்கிலீஷ் எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது; வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை. ஆனால் சேலத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில், முதுகு பிய்ந்துபோன, தலையணை கனமுள்ள டிக்‌ஷனரி ஒன்றை வாங்கிய நாளிலிருந்து அந்தப் பாஷை அவரைப் பிடித்துக்கொண்டது. வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவர், பஸ்ஸின் நெற்றியில் ‘ஃபாஸ்ட் பாசஞ்சர்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, முதன்முதலாகத் தேடிய சொல் ‘ஃபாஸ்ட்’.

வேகம் என்று ஒரு வரி போட்டிருப்பார்கள் என்று நினைத்தார். ஒன்றரைப் பத்திக்கு நீண்டு கிடந்தது. வேகமாக ஓடுவதற்கும் அந்தச் சொல்தான். படகை ஓடவிடாமல் கட்டிப்போடுவதற்கும் அதே சொல்தான். அசந்து தூங்குகிறவனின் தூக்கத்துக்கு அது. பிரியாத சிநேகிதத்துக்கு அது. வயிற்றைக் காயப்போடும் விரதத்துக்கு அது. கடிகாரம் ஐந்து நிமிஷம் முந்தி ஓடினால் அதற்கும் அதுவே. சாயம் போகாத துணிக்கும் அதுவே. “ஓடறதுக்கும் ஒரே சொல்லு, நிக்கறதுக்கும் அதே சொல்லா? வெள்ளக்காரனுக்குச் சொல்லுப் பஞ்சமா?” என்று பக்கத்து சீட்டுக்காரரிடமே கேட்டுவிட்டார். பஞ்சமும் இல்லை, வேகம் என்ற ஒரு பொருளுக்கே ஸ்விஃப்ட், ராபிட், குவிக், ஸ்பீடி என்று வரிசையாக வைத்திருந்தான். நம் ஊரில் வெரசா, சுருக்கா, கிடுகிடுன்னு என்கிறோமே, அந்த மாதிரி. ஒரு பொருளுக்கு ஒன்பது சொல், ஒரு சொல்லுக்கு ஒன்பது பொருள். அன்றைக்குக் குழந்தைவேல் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போய்த்தான் இறங்கினார்.

இவ்வளவு ஆசையோடு வந்த ஆளை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது விதி என்று பார்த்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் நாலு மாடி எழுப்பி நிற்கும் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம். தாளாளர் பச்சமுத்து, முன்னாளில் லாரி ஓட்டி, பிறகு லாரி வாங்கி, அதற்கும் பிறகு பள்ளிக்கூடம் கட்டியவர். காலை ஐந்தரைக்குப் படிப்பு நேரம், வாத்தியார்களும் வந்து நிற்க வேண்டும். தினமும் ஒருவரி விடைத் தேர்வு. உள்ளே நுழையும்போதே வாத்தியார்களின் செல்போனை ஆபீஸில் ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள்; சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை.

அங்கே பாடப்புத்தகத்துக்கு இருந்ததைவிடக் கைடுக்குத்தான் மரியாதை. கேள்வி கைடிலிருந்து வரும், விடையும் கைடிலிருந்து வரும், திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பும் கைடைப் பார்த்துப் போட்டதாகவே இருக்கும். அந்த விடைக்குறிப்பைச் சுருக்கமாக ‘கீ’ என்பார்கள். அந்தக் கைடை எழுதிய புண்ணியவான் ஒரு நாளும் துணி எடுக்கக் கடைக்குப் போனதில்லை போலிருக்கிறது. ‘ஃபாஸ்ட் கலர்’ என்பதற்கு நேராக ‘பிரைட் கலர்’ என்று அச்சடித்து வைத்திருந்தார். பளிச்சென்ற நிறமாம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் குழந்தைவேல் சார் வகுப்பில் அதை அடித்துத் திருத்தினார். ‘பிரைட்’ இல்லை, ‘பெர்மனென்ட்’ என்று கரும்பலகையில் எழுதி, அந்தச் சொல்லின் அத்தனை பொருளையும் ஒரு மணி நேரம் விளக்கினார். புதிதாகச் சேர்ந்திருந்த மஞ்சுளா டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “சார், ஒரு வார்த்தைக்குள்ள இவ்ளோ இருக்குதா!” என்று வியந்து போனார். அடுத்த மாதம் பல பள்ளிக்கூடங்கள் சேர்ந்து நடத்திய பொதுத்தேர்வில் அதே கேள்வி வந்தது. ஒரு பெண் ‘பெர்மனென்ட்’ என்று எழுதினாள். கீயில் ‘பிரைட்’. ஒரு மார்க் போய், நூறு தொண்ணூற்றொன்பது ஆனது. அந்தப் பெண்ணின் அப்பா நாலு ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பச்சமுத்து கூப்பிட்டு விட்டார். “ஏஞ் சார், கைடுல என்ன போட்டிருக்குது?”

“பிரைட்னு போட்டிருக்குதுங்க. ஆனா அது தப்புங்க.”

“கீயில?”

“கீயும் கைடப் பாத்துப் போட்டதுதானுங்க.”

“அப்பறம் என்னத்துக்குங்க சார் உங்களுக்கு இந்த வேல? நாம பாடம் நடத்தறது மார்க்கு வாரதுக்கு. அறிவு அதுபாட்டுக்குப் பொறவு வரும். அந்தப் புள்ளையோட அப்பா கிட்ட மன்னிப்பு கேட்டுப்போடுங்க.”

கேட்டார். சரியாகச் சொல்லிக்கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். வீட்டில் கூட இதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷமாக, ஜூலை மாதம் அந்தப் பாடம் வந்தால், “எழுதிக்கோங்க, ஃபாஸ்ட் கலர், பிரைட் கலர்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். முதல் வருஷம் சொல்லும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழாவது வருஷம் திரும்பவில்லை.

அரசாங்கப் பள்ளி வேலைக்கான பரீட்சையை அவர் அதுவரை நாலு தடவை எழுதியிருந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு மார்க், மூன்று மார்க்கில் கைநழுவிப் போனது. இது ஐந்தாவது. வயது நாற்பத்து மூன்று. மகள் தனப்பிரியா ஈரோட்டில் காலேஜ் விடுதியில் இருந்தாள். இந்த வேலை கிடைத்தால் விடியற்காலம் நாலரைக்கு எழ வேண்டாம், செல்போன் தன் சட்டைப் பையிலேயே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை முழுசாக ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். முக்கியமாக, பச்சமுத்து முகத்தில் முழிக்க வேண்டாம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக்கூடத் தரமாட்டேன் என்று அடம்பிடித்தது காலம்.

பரீட்சையில் அறுபத்து மூன்றாவது கேள்வியைப் பார்த்ததும் குழந்தைவேல் சாருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு துணியின் நிறம் ‘ஃபாஸ்ட்’ என்றால் எப்படிப்பட்ட நிறம்? பிரைட், பெர்மனென்ட், ராபிட், காஸ்ட்லி. கைடில் இருந்தபடியே, ஒரு கமா மாறாமல் அப்படியே. பேனா ‘பெர்மனென்ட்’ பக்கம் போனது. போன பேனா நின்றது. கேள்வி போட்டவன் கைடைப் பார்த்துப் போட்டிருக்கிறான். அப்படியென்றால் கீயும் கைடைப் பார்த்துத்தான் போட்டிருப்பான். சரியான விடை வேறு, மார்க் வாங்கும் விடை வேறு என்பதை அடிபட்டுக் கற்றவர் அவர். பளிச்சென்று ‘பிரைட்’ வட்டத்தைக் கறுப்பாக்கினார். அடுத்த கேள்விக்குப் போகும்போது தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார் என்றும் சொல்ல வேண்டும்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி சௌந்திரம் சோறு போட்டாள். அவள் பக்கத்திலேயே ஒரு துண்டு தயாரிக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். நெய்து வரும் துண்டின் மூலையை நனைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் அவளுக்கு நாள் முழுக்க வேலை. கேள்வியெல்லாம் எப்படி என்று கேட்டவளிடம், பேச்சு வாக்கில் இந்த ஒன்றைச் சொன்னார்.

“அய்யே, இதையெல்லாமா பரீச்சையில கேப்பாங்க?” என்றாள் சௌந்திரம். “சாயம் போவாத கலரு. பத்தாவதுல இங்கிலீசுல முப்பத்தாறு மார்க்கு வாங்குன எனக்கே தெரியும். பெர்மனென்ட்தானுங்களே?”

குழந்தைவேல் சார் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். இல்லை, நான் வேற போட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் பச்சமுத்து ஆபீஸில் கைகட்டி நின்றதுவரை சொல்ல வேண்டிவரும்.

“ஆமா. அதத்தான் போட்டேன்” என்றார்.

“பாத்தீங்களா!” என்று அவள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

இரண்டு வாரம் கழித்துத் தற்காலிக கீ வெளியானது. அறுபத்து மூன்றுக்கு விடை ‘பிரைட்’. குழந்தைவேல் சார் போட்ட கணக்குத் தப்பவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார்: தொண்ணூற்றெட்டு. பரீட்சை எழுதியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், தொண்ணூற்றெட்டு என்றால் வேலை உறுதி, தொண்ணூற்றேழு என்றால் தொங்கல் என்று. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் சீட்டியடித்துக்கொண்டு பல் தேய்த்தார்.

சௌந்திரத்துக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் கணக்கு வேறு. “தொண்ணூத்தெட்டு வந்துருச்சு, செரி. அந்தச் சாயக் கேள்விக்கும் மார்க்கு குடுத்திருந்தா தொண்ணூத்தொம்பதுங்களே! பிரைட்டாமா! எந்த மடையன் போட்டான் இத? ஒரு மார்க்கு நமக்கு அநியாயமாப் போச்சுங்க.”

“உடு சௌந்திரம். தொண்ணூத்தெட்டு போதும்.”

“எப்படி உடறது? நம்ம மார்க்குங்க அது.”

மறுநாள் ஆசிரியர் அறையில் மஞ்சுளா டீச்சர் பிடித்துக்கொண்டார். அவரும் அதே பரீட்சை எழுதியவர். வாழப்பாடிக்காரர், இரண்டு சின்னக் குழந்தைகள், கணவர் ரிக் வண்டியோடு வடக்கே போனால் ஆறு மாதம் கழித்துத்தான் முகத்தைக் காட்டுவார்.

“சார், எனக்கு தொண்ணூத்தேழு. அந்த ஃபாஸ்ட் கலர் கேள்வி மட்டும் திருத்திட்டாங்கன்னா தொண்ணூத்தெட்டு. கீ தப்புன்னு பரீட்சை நடத்துற போர்டுக்கு ஆட்சேபம் போடலாம் சார், செவ்வாய்க்கெழம சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் டைம் இருக்குது. ஆனா கைடு, இன்டர்நெட்டு எதுவும் ஏத்துக்க மாட்டாங்களாம். பெரிய டிக்‌ஷனரியில அந்தப் பக்கத்தையும் முதல் பக்கத்தையும் படம் எடுத்து வைக்கணுமாம். உங்ககிட்ட இருக்குதே சார் அது! அன்னைக்கு கிளாஸ்ல காட்டுனீங்களே!”

நீங்க எதைப் போட்டீங்க என்று அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அந்தச் சொல்லை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தானே, இவர் போய்த் தப்பாகப் போடுவாரா?

“அது... அது இப்ப என்ர கிட்ட இல்லீங்க டீச்சர்” என்றார் குழந்தைவேல் சார். “ஆத்தூர்ல மச்சான் ஊட்ல இருக்குதுங்க.”

“வாங்கிட்டு வர முடியாதா சார்?”

“பாக்கறனுங்க.”

பார்க்கவில்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, டிக்‌ஷனரி வீட்டில் டீவி ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நாலு நாள் மஞ்சுளா டீச்சர் கண்ணில் படாமல் சுற்றினார். கோபம் கோபமாக வந்தது. கைடு எழுதினவன் மேல் வந்தது, கேள்வி போட்டவன் மேல் வந்தது, பச்சமுத்து மேல் வந்தது. ஊரில் வேறு ஒருத்தனிடமும் டிக்‌ஷனரி இல்லையா, என்னிடம்தான் வர வேண்டுமா என்று மஞ்சுளா டீச்சர் மேலும் வந்தது. ஒரு சொல்லுக்கு எதற்கு இத்தனை பொருள் என்று அந்தப் பாஷை மேலேயே வந்தது. வர வேண்டிய இடத்தில் மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மஞ்சுளா டீச்சர் லீவு போட்டிருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மரப்பெட்டியைத் திறந்து போனை எடுத்தால், அவரிடமிருந்து ஆறு அழைப்புகள், எல்லாம் மத்தியானத்துக்கு முன்னால் வந்தவை. குழந்தைவேல் சார் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் நின்றார். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. சௌந்திரத்தைக் கூப்பிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு என்றால் ஐந்து நிமிஷ வேலை. ஐந்து பத்து ஆனது. ஐந்து இருபது ஆனது. ஒரு தடவை மனைவியின் பேரைத் தொட்டார், மணி அடிக்கும் முன்னால் வைத்துவிட்டார். கோழித்தீவன லாரி ஒன்று ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்த்தார். ஐந்து முப்பத்தொன்று ஆனதும் வண்டியை உதைத்துக் கிளப்பினார். வழியெல்லாம் மனசு சுருக்கென்று குத்தினாலும், ஒரு நிம்மதியும் இருந்தது. முடிந்தது, இனி யாராலும் ஒன்றும் பண்ண முடியாது.

வீட்டு வாசலிலேயே சௌந்திரம் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க, ஒரு சங்கதி. மஞ்சுளா டீச்சரு மத்தியானம் போன் பண்ணுச்சுங்க. உங்க போனு பொட்டியில கெடக்குதாமா, அதனால எனக்குப் பண்ணுச்சு. போன மாசம் துண்டு வாங்குனப்ப நம்பர் குடுத்தேன். அந்தப் பெரிய புஸ்தகம் ஆத்தூர்ல இருக்குதுன்னு சொன்னீங்களாமா? என்ர தம்பி குருமூர்த்தி எட்டாவதத் தாண்டுனதில்ல, அவன் அத வெச்சு மரவள்ளிக் கெழங்குக்கா படிச்சுக் காட்டப் போறான்? உங்களுக்கும் மறதி வந்துருச்சுங்க. டீவிக்கு அடியிலதான் இருந்துச்சு. சோத்து நேரத்துல ஊட்டுக்கு வந்தவ, டீச்சரு சொல்லச் சொல்ல ரெண்டு பக்கத்தையும் படம் புடிச்சு அனுப்பிட்டேன்.”

குழந்தைவேல் சார் வண்டியை ஸ்டாண்டு போடாமலே இறங்கினார். வண்டி சாய்ந்தது. பிடித்துக்கொண்டார்.

“இன்னும் கேளுங்க. நம்மளுக்கும் ஒரு மார்க்கு போயிருக்குதல்லங்க? உங்க ஹால்டிக்கட்டு நம்பரும் பொறந்த தேதியும் குடுத்தேன். டீச்சரே கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்து உங்க பேர்லயும் ஒரு ஆட்சேபம் போட்டுருச்சுங்க! ரெண்டு பேரு கேட்டா ஒரு ஆளு கேட்டதவிட பலமில்லீங்களா?”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். சூனியம் வைக்கிறவனுக்காவது தான் வைப்பது தெரியும். இங்கே தன் மார்க்கைப் பிடுங்கச் சொல்லித் தன் பேரிலேயே மனு போயிருக்கிறது, தன் புத்தகத்தை ஆதாரமாக வைத்து, கட்டின மனைவி கையால். அவளிடம் கோபப்படவும் வழியில்லை. என்னவென்று சொல்லிக் கோபப்படுவது?

“ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போவுது? தப்பாப் பண்ணிட்டனா?”

“இல்ல, இல்ல. செரிதான்” என்றார். உண்மையைச் சொல்ல இரண்டாவது தடவையாக வாய்ப்பு வந்தது, அதையும் விழுங்கிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

மறுநாள் மஞ்சுளா டீச்சர் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னார். “சாரோட புத்தகம் இல்லன்னா என்னால போட்டிருக்கவே முடியாது.” குழந்தைவேல் சார் தலையை ஆட்டிவைத்தார். ஆத்தூரைப் பற்றி டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம். அந்த வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! சௌந்திரம் திங்கட்கிழமை திங்கட்கிழமை விரதம் இருக்க ஆரம்பித்தாள். ஒரு மார்க் ஏறி அவருக்கு வேலை கிடைத்தால், திருச்செங்கோட்டு மலைப்படி அத்தனையும் ஏறிவந்து விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டாள். அதே வீட்டில், அதே சாமி படத்துக்கு முன்னால் நின்று, அவள் புருஷன் அந்த மனு தள்ளுபடியாக வேண்டும் என்று கும்பிட்டார். கும்பிடும்போது வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. தப்பான விடையே நிலைக்கட்டும் சாமி என்று இங்கிலீஷ் வாத்தியார் எந்த முகத்தோடு கேட்பார்? கண்ணை மூடி, என்ன வேண்டும் என்று சாமிக்கே தெரியும் என்று விட்டுவிடுவார். அவள் பட்டினியால் வாடிய முகத்தோடு வேலைக்குப் போவதைப் பார்க்கும்போது மட்டும் அவருக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

“வெறும் வயித்துல வேல செய்யாத சௌந்திரம், மயக்கம் போட்டு உழுந்துருவ.”

“உங்களுக்கோசரந்தானுங்க. ஒரு வாரத்துக்கு ஒரு நாளு, செத்தா போயிருவேன்?”

வகுப்பிலும் நிம்மதி இல்லை. ஜூலை வந்து, அந்தப் பாடமும் வந்தது. “ஃபாஸ்ட் கலர்...” என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த சொல் வரவில்லை. ‘பிரைட்’ என்று சொன்னால் நாளைக்கு போர்டே ‘பெர்மனென்ட்’ என்று சொல்லிவிடக்கூடும். ‘பெர்மனென்ட்’ என்று சொன்னாலோ, தான் எதை வேண்டாம் என்று தினமும் கும்பிடுகிறாரோ அதையே தன் வாயால் சொன்னதாகிவிடும். “அந்த வரிய விட்டுருங்க, பரீட்சைக்கு வராது” என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். கண்ணில் நீர் வந்தது. பதினாறு வருஷத்தில் ஒரு சொல்லை வேண்டாம் என்று அவர் தாண்டிப்போனது அதுதான் முதல் தடவை.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிவு வெளியானது. முதலில் மஞ்சுளா டீச்சரிடமிருந்துதான் சௌந்திரத்துக்குப் போன் வந்தது. டீச்சர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத குரலில் கத்தினார். “அக்கா, கீயை மாத்திட்டாங்கக்கா! பெர்மனென்ட்தான் சரின்னு போட்டுட்டாங்க. எனக்கு தொண்ணூத்தெட்டு. கட்டாஃப் தொண்ணூத்தெட்டு, செலக்டு ஆயிட்டேன். சாருக்கு தொண்ணூத்தொம்பது வந்திருக்கும், பாத்தீங்களா?”

சௌந்திரம் போனை வைத்த கையோடு சாமி படத்துக்குச் சூடம் ஏற்றினாள். அரைப்படி அரிசியை எடுத்துப் பாயசத்துக்கு ஊற வைத்தாள். “ஏனுங்க, எந்திரிங்க! உங்க மார்க்கப் பாருங்க!” என்று கட்டிலில் கிடந்தவரை உலுக்கினாள்.

அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். போனை அவளிடம் நீட்டினார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக்கூட்டுகிறவள் மாதிரி விரலை வைத்துப் படித்தாள். பேர் சரியாக இருந்தது. நம்பர் சரியாக இருந்தது. மார்க் தொண்ணூற்றேழு. கீழே, தேர்வு பெறவில்லை.

“இது என்னங்க, தப்பாப் போட்டிருக்கறாங்க? அந்தக் கேள்வியால எல்லாத்துக்கும் ஒரு மார்க்கு ஏறியிருக்குது. உங்களுக்கு மட்டும் எப்படிங்க எறங்கும்?”

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தார். சௌந்திரம் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் போனைப் பார்த்தாள். தினமும் ஆயிரம் துண்டு தேய்த்துப் பார்க்கிறவள். எங்கே சாயம் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

“நீங்க பிரைட்டுதான் போட்டீங்களா?”

“ஆமா.”

“தெரியாமப் போட்டீங்களா?”

“தெரிஞ்சேதான் போட்டேன். கைடுல அப்படித்தான் இருந்துச்சு. கீயிலயும் அதான் வரும்னு நெனச்சேன்.” அதற்கப்புறம் நிற்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டினார். ரிக் வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டது, ஏழு வருஷமாகப் பொய் சொல்லிக்கொடுத்தது, ஆத்தூர் என்று புளுகியது, ஐந்து முப்பத்தொன்று வரை வண்டி நிறுத்துமிடத்தில் நின்றது. சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது, யார் மேலோ கோபப்படுகிறவர் மாதிரி. கடைசியில், “நீ அன்னைக்கு அந்தப் புஸ்தகத்தத் தொடாம இருந்திருந்தா இன்னைக்கு எனக்கு வேல” என்று முடித்தார். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது.

சூடம் எரிந்து முடிந்திருந்தது. சௌந்திரம் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

“என்ர கிட்ட அன்னைக்கே நெசத்தச் சொல்லியிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்னு நெனைக்கறீங்களா?” என்றாள். “அனுப்பித்தானுங்க இருப்பேன். சாயம் போற துண்ட நல்ல துண்டுன்னு ஒரு நாளும் நான் கட்டி வெச்சதில்ல. அந்த டீச்சரு கேட்டது நாயம்.”

அவர் நிமிர்ந்தார்.

“ஆனா உங்க கிட்டச் சொல்லிட்டு அனுப்பியிருப்பேன். போனது போச்சுன்னு அன்னைக்கே ரெண்டு பேரும் உக்காந்து அழுது முடிச்சிருக்கலாம். இப்படி மூணு மாசம் நான் ஒரு பக்கம் பட்டினி கெடக்க, நீங்க ஒரு பக்கம் அது பலிக்கக் கூடாதுன்னு கும்பிட...” அவளுக்குக் குரல் உடைந்தது. “ஏனுங்க, வேல போனதக்கூட நான் தாங்கிக்குவனுங்க. அத்தன திங்கக்கெழமையும் என்ர எதுத்தாப்புல உக்காந்து சோறு உண்டீங்களே, உங்களுக்கு எப்படிங்க எறங்குச்சு?”

சமையல்கட்டில் பாயசத்துக்கு ஊறவைத்த அரிசி அப்படியே இருந்தது. சௌந்திரம் எழுந்து போய் அதை வடித்து, ராத்திரிச் சோற்றுக்கு உலையில் போட்டாள்.